சுவரில் ஒட்டிய எலுமிச்சை வைத்தியம்

விரல் நுனி சிவந்து வீங்கி, விண் விண்ணென்று தெறிக்கிறதா? எலுமிச்சம்பழத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

வழக்கமாக இந்த வைத்தியப் பத்தியில் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். இந்த வாரம் விஷயம் முதலில். ஏன் என்று கேட்பீர்கள்... திங்கட்கிழமை காலை, ஈப்போவில் நம் பத்திரிகை ஆபீசுக்கு வந்த காத்தமுத்துதான் காரணம்.

லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். பெஞ்சைக் காட்டினேன், உட்காரவில்லை.

“நீங்க எழுதுன மாதிரியேதான் ஐயா செஞ்சோம். எலுமிச்சம்பழத்தைக் குடைஞ்சு விரல்ல சொருகி அஞ்சு நாளாச்சு. இப்ப முழங்கை வரைக்கும் செவப்பாக் கோடு ஓடுது.”

விரல் அவருடையது அல்ல, மனைவி அஞ்சலையுடையது. வலது கை ஆள்காட்டி விரல். அவளும் பால் வெட்டுகிறவள்தான். அந்த விரல் போனால் கத்தியை எப்படிப் பிடிப்பாள்?

 என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? பத்தியை முழுசாகப் படித்தீர்களா என்று அவரையே அதட்டினேன்!

கை வலிகளைப் பற்றி ஒரு மாதத்துக்கு முன் எழுதியது வரிக்கு வரி நினைவிருந்தது. நாள் முழுக்கக் கத்தி பிடித்து, விடிந்ததும் விரல் மடங்கியபடியே நின்றுகொண்டால் வெந்நீரில் கையை வைத்து ஓய்வு கொடுக்க வேண்டும். விரல் முட்டிகள் இறுகி வலித்தால் சூடான நல்லெண்ணெய். நகச்சுற்று என்றால் எலுமிச்சை. சீழ் வைத்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ எலுமிச்சையை நம்பாமல் டாக்டரிடம் போய்க் கீறிக்கொள்ள வேண்டும் — இதையும் எழுதியிருந்தேன். கடைசியில்.

காத்தமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் வாசித்துக் காட்டினாராம். தோட்டத்தில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெசர் லீவில் போயிருந்தார். அச்சில் வந்தது தப்பாக இருக்காது என்று நம்பிவிட்டார்கள்.

வாடகைக் கார் பிடித்துப் போனோம். என் மேல் தப்பில்லை என்று வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். காத்தமுத்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் அஞ்சலை வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. விரலில் இருந்த பழம் கறுத்துப் போயிருந்தது. அவள் தலைக்கு மேலே, பலகைச் சுவரில்... என் பத்தி!

காற்று வராமலிருக்கப் பலகை இடுக்குகளில் பத்திரிகைத் தாளை ஒட்டுவது லயங்களில் வழக்கம். இது கடையிலிருந்து சாமான் கட்டி வந்த தாளாம். “எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொள்ளவும்” என்பதோடு பக்கம் முடிந்திருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் “பின்பக்கம் பார்க்க.”

பின்பக்கம் கஞ்சிப் பசையில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

காரில் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து கூசிப் போனேன். நகத்தால் தாளைச் சுரண்டிக் கிழிக்கப் போனேன்.

“கிழிக்காதீங்க ஐயா,” என்றாள் அஞ்சலை. “வேற யாருக்காச்சும் ஒதவும்.”

கிழித்தேன்.

ஆஸ்பத்திரியில் விரலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். உப்பு வெந்நீரில் கையை ஊறவைத்து, தூக்கிக் கட்டினார்கள். இன்னொரு நாள் தாமதித்திருந்தால் விரலோடு போயிருக்காது என்றார் டாக்டர். இப்போதும் விரல் தங்குமா என்பது மூன்று நாளில்தான் தெரியுமாம். சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று கையில் பேனாவால் ஓர் அடையாளம் போட்டார்.

தினமும் போய் அந்த மை அடையாளத்தைத்தான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை சிவப்பு அதைத் தாண்டியிருந்தது.  புதன்கிழமை அதே இடத்தில் நின்றது. நேற்று, மைக்குக் கீழே இறங்கிவிட்டது.

விரல் தங்கிவிட்டது. நுனிக் கணு மட்டும் முன்போல மடங்காது. ஒரு மாதம் கழித்துக் கத்தி பிடித்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். அஞ்சலை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அச்சுக் கோர்ப்பவரிடம் சொல்லிவிட்டேன். இந்த வாரப் பத்தி ஒரே பக்கத்தில் முடிகிறது, பின்பக்கம் முழுக்கக் கூந்தல் தைல விளம்பரம்தான் — தைரியமாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்!