ஆகஸ்ட் இரண்டாம் தேதித் தாள்

தினசரி காலண்டரில் ராகு காலத்துக்குக் கீழே பொடி எழுத்தில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு வரி வருமே, திருவாரூரில் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து அதை எழுதிய மகாபாவி நான்தான். ஒவ்வொரு தாளுக்கும் உலகத்தில் ஏதாவது நடந்திருக்க வேண்டும். நடந்தது எதுவும் வாங்குகிறவர் மனசை நோகடிக்கவும் கூடாது. யாருக்காவது எழுதிக்கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு என் பிழைப்பு புரியும். புரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

தண்ணீர் வரும் நாள்

ஜூன் பன்னிரண்டுக்கு மட்டும் நான் மண்டையை உடைத்துக்கொண்டதே இல்லை. 'மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கும் நாள்' என்று போட்டால் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் செல்லும். தொண்ணூறுகளில் ஒரு வருஷம் அணையைத் திறக்கவில்லை. வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. குறுவை போச்சு.

கீழ்வேளூர் விவசாயி ஒருவர் அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மகனைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏற்றிவிட்டு நேரே வருகிறாராம். "தப்பாப் போச்சுங்க, மன்னிச்சுக்கங்க" என்று எழுந்து நின்றேன். அவர் தாளை என் மேசையில் வைத்து நிதானமாக நீவிவிட்டார். "தப்பெல்லாம் இல்லீங்க. வரலாறுன்னு போட்டீங்க பாருங்க, அது ரொம்ப சரி."

கப்பல்

நாற்று நட ஆள் கிடைக்காமல், பாஸ்போர்ட் எடுக்க மட்டும் வரிசை நின்ற காலம் அது. சீர்காழியில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் ஒருவர் எங்களிடம் காலண்டர் அடித்தார். நான் ஏப்ரல் பதினைந்தில் 'டைட்டானிக் கப்பல் மூழ்கியது' என்று போட்டுத் தொலைத்தேன்.

மனுஷன் குதி குதி என்று குதித்தார். இதைப் பார்த்தால் எவன் பிளேன் ஏறுவான் என்றார். "முழுகினது கப்பல்தானுங்களே" என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல். அவர் குரலை இறக்கிச் சொன்னார்: "போனவன் கதையை மட்டும் போடுங்க சார். போய்ச் சேர்ந்தவன் கதை நமக்கு எதுக்கு?"

விடியாத வீடு

நாகப்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஜமால் பாய் எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர். அவர் தம்பி குவைத்தில் டிரைவர். ஈராக் படை உள்ளே புகுந்ததோடு தம்பியிடமிருந்து தகவல் நின்றுபோனது. கூடப் போனவர்கள் எல்லாம் ஊர் வந்து சேர்ந்தார்கள். இவர் உயிரோடும் வரவில்லை, மய்யித்தாகவும் வரவில்லை. இது தெரியாமல் நான் ஆகஸ்ட் இரண்டில் 'ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன, 1990' என்று வருஷா வருஷம் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பாய் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தம்பி மனைவி ஹமீதா அந்தத் தாளைக் கிழிப்பதில்லையாம், யாரையும் கிழிக்க விடுவதும் இல்லையாம். வருஷம் முடிகிறவரைக்கும் வீட்டில் ஆகஸ்ட் இரண்டுதானாம். "அந்த வரியை எடுத்துடுங்க சார். எங்க வீட்டுல விடியவே மாட்டேங்குது."

டெலிபோன்

எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் 'தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் மறைந்தார், 1922' என்று போட்டேன். இது யாரை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க. ஒரு போன் வராதா என்று கிடக்கிற வீட்டுக்கு அனுப்புகிற செய்தியா அது!

ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஹமீதா அச்சகத்துக்கு வந்தாள். கையில் அந்தத் தாள். முதல் தடவையாகக் கிழித்திருக்கிறாள், என்னிடம் காட்டுவதற்காக. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "இருக்காருன்னும் யாரும் எழுதித் தரல, இல்லைன்னும் யாரும் எழுதித் தரல. சண்டை நடந்துச்சுன்னு நீங்க ஒருத்தர்தான் எழுதியிருந்தீங்க. அதையும் எடுத்துட்டீங்களே அண்ணே."

விளம்பரம்

அடுத்த வருஷமே பழைய வரியைத் திரும்பப் போட்டேன். பாய் கோபித்துக்கொண்டு ஆர்டரை சிவகாசிக்குக் கொடுத்துவிட்டார். ஹமீதா மட்டும் டிசம்பர் தவறாமல் வந்து ஒரு காலண்டர் வாங்கிப் போவாள். வாங்கியதும் ஆகஸ்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்வாள்.

பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது. தேதி பார்க்கக் காலண்டர் எதற்கு என்றாகிவிட்டது. முதலாளி வரலாற்றை மொத்தமாகத் தூக்கிவிட்டு அந்த இடத்தை விளம்பரத்துக்கு விற்றார். ஆகஸ்ட் இரண்டை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. எல்லாத் தாளிலும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது சீர்காழி ஏஜெண்ட்தான். 'குவைத்துக்கு டிரைவர்கள் தேவை.'

அந்த டிசம்பரில் ஹமீதா வந்து வழக்கம்போல ஆகஸ்டைப் புரட்டினாள். இந்தத் தடவை தாளை அல்ல, என்னைத்தான் கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் விளம்பரத்தை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். பக்கத்தில் அவள் மகன் நின்றான். தகப்பன் போனபோது கைக்குழந்தை, இப்போது லைசென்ஸ் எடுத்த வாலிபன். "இந்த நம்பருக்குப் பேசினா எடுப்பாங்களா அண்ணே? இவங்க வாப்பாவைத் தேட இவனை அனுப்பணும்."

அத்தனை வருஷம் நான் எழுதிய வரலாற்றில் ஒரு வரிகூட யாரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அந்த விளம்பரம் சேர்த்துவிட்டது.