யானை பொம்மையில் ஒட்டியிருந்த சிவப்பு அம்புக்குறி

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, வருடம் சரியாக நினைவில்லை. ஆயுதபூஜை முடிந்த கையோடு எங்கள் பனியன் கம்பெனியில் இருந்து ஒரு வேன் பிடித்து மைசூருக்கு டூர் போனோம். தசரா கூட்டம் இன்னும் கலையாத நேரம். அரண்மனையைப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் கைவினைப் பொருள் சந்தைக்குப் போனோம். அங்கே நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது நான் திருப்பூர் வேலம்பாளையத்தில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்துப் போட்டு, கறை, ஓட்டை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, நல்லது வேறு கழிவு வேறு என்று பிரிப்பதுதான் செக்கிங். பக்கத்திலேயே தையல் மெஷின்கள் நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி எனக்குத் தொண்டை நன்றாகப் பழகிவிட்டது. வீட்டில் என்னை "மைக் செட்" என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்வேன். வாய் இருந்தால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

என் மேசையில் ஒரு பெண் இருந்தாள். இருபது வயதுகூட ஆகவில்லை, எப்போதும் ரெட்டைச் சடை. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து அம்மாவும் மகளுமாகப் பிழைக்க வந்தவர்கள். வேலையில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. பேச்சுக்கும் எங்களுக்குச் சிரமம் இருந்ததில்லை. மெஷின் சத்தத்தில் நாங்கள் எல்லோருமே பாதி நேரம் கையால்தானே பேசுகிறோம்! கழுத்தைத் தொட்டுக் காட்டினால் காலர் கோணல், வயிற்றைத் தேய்த்தால் பிரிண்டில் கறை. அவள் வந்த பிறகு எங்கள் கை பாஷை இன்னும் வளர்ந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அவள் அம்மாவுக்கு மகளைப் பற்றித் தீராத பயம். அவர் வேறு கம்பெனியில் வேலை பார்த்தார். சாயங்காலம் மணி அடிப்பதற்குள் எங்கள் கேட்டில் வந்து நிற்பார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து பஸ் ஏற்றிக் கூட்டிப் போவார். தன் கம்பெனியில் ஓவர்டைம் இருந்தால்கூட பர்மிஷன் கேட்டு வந்துவிடுவார். டூர் என்றதும் முடியவே முடியாது என்றார். மகள் சாப்பிடாமல் அடம் பிடித்த பிறகுதான் மனம் இறங்கினார். கிளம்பும் அன்று வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு என்னிடம், "யக்கா, இவள ஒத்தையில எங்கயும் விட்டதில்லக்கா. ஒங்கள நம்பித்தான் அனுப்புதேன். கண்ண விட்டு மறைய விட்டுராதிய" என்றார்.

"ஏனுங்க இப்படிப் பயப்படறீங்க? நானிருக்கறனில்லீங்களா? புடிச்ச கைய உடவே மாட்டனுங்க" என்று வாக்குக் கொடுத்தேன்.

சந்தை வாசலில் எல்லோரையும் நிறுத்திச் சட்டம் போட்டேன். இஷ்டம் போல் சுற்றுங்கள், நாலு மணிக்கு இந்த வளைவுக்குக் கீழே வந்துவிட வேண்டும். வளைவைக் காட்டி, நாலு விரலையும் தூக்கிக் காட்டினேன். அவளுக்கு மட்டும் தனிச் சட்டம். என் கையை விடக் கூடாது.

உள்ளே போனால் கண்ணைப் பறிக்கிறது. அரக்கு பூசிய மர பொம்மைகள், மரத்திலேயே வெள்ளைச் சித்திரம் பதித்த பெட்டிகள், சந்தன மாலைகள். என் மாமியாருக்கு ஒரு பெட்டி வாங்கலாம் என்று ஒரு கடையில் பேரம் பேச ஆரம்பித்தேன். கடைக்காரருக்குத் தமிழ் வராது, எனக்குக் கன்னடம் வராது. அதற்காக விட்டுவிடுவேனா? நான் சத்தத்தைக் கூட்ட, அவரும் கூட்ட, இரண்டு பேரும் வீறாப்பாகப் பேசினோம். காசை எண்ணிக் கொடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பக்கத்தில் அவள் இல்லை.

முதலில் நம்பவில்லை. இங்கேதான் எங்கேயாவது நிற்பாள் என்று நினைத்து, வாயைத் திறந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். சந்தையே திரும்பிப் பார்த்தது. கத்தி முடித்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. உலகத்தில் யாரைக் கூப்பிட்டாலும் கூப்பிடலாம், இவளைக் கூப்பிட முடியாது. அவளிடம் செல்போன் கிடையாது. இருந்தாலும் என்ன பிரயோஜனம்? வழி கேட்க அவளுக்குப் பேச்சு வராது, எழுதப் படிக்கவும் பெயரளவுக்குத்தான். அந்த அம்மாவின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

எங்கள் கம்பெனியில் பனியனுக்கு இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டர் பக்கத்துக் கடையில் இருந்து ஓடி வந்தார். "அக்கா, பதறாதீங்க. நா அந்தக் கோடி வரைக்கும் பாத்துட்டு வாரனுங்க. நீங்க மைக்குல சொல்லச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார்.

சந்தையின் நடுவில் அறிவிப்புக் கூடாரம் ஒன்று இருந்தது. அங்கே போய் மளமளவென்று விஷயத்தைச் சொன்னேன். மைசூரில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும் என்பார்கள். கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர் மீதிப் பாதி. சரி, கையாலேயே சொல்லிவிடலாம் என்று காதைத் தொட்டு 'இல்லை' என்று ஆட்டினேன். வாயைத் தொட்டு 'இல்லை' என்று ஆட்டினேன். கூட்டத்தைக் காட்டி, கையை விரித்தேன்.

அவர் முகம் அப்படியே இளகிவிட்டது. எழுந்து வந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். என் தோளை மெதுவாகத் தட்டி, பயப்படாதே என்று சைகை செய்தார். பிறகு மைக்கை எடுத்து என்னவோ சொல்லிக்கொண்டே என்னைக் காட்ட, நாலு பேர் வந்து பரிதாபமாக எட்டிப் பார்த்தார்கள். ஊமைப் பெண் ஒருத்தி தொலைந்துபோய் வந்து நிற்கிறாள், சொந்தக்காரர்கள் வந்து அழைத்துப் போகலாம் என்று என்னைத்தான் அறிவித்துக்கொண்டிருக்கிறார்!

"அய்யோ சாமி, எனக்கு நல்லாக் காது கேக்குமுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மைக்கே கீச்சிட்டது. மனிதர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

டீ கொண்டு வந்த ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்து, மறுபடியும் அறிவித்தார்கள். காது கேட்காத பெண்ணே, எங்கே இருந்தாலும் கூடாரத்துக்கு வா என்று அழைக்கிறார்கள் என டீக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுதேன். ஊரையே அதட்டி வேலை வாங்கிய என் குரல் அங்கே கால் காசுக்குப் பிரயோஜனப்படவில்லை. உட்கார்ந்திருந்தால் ஆகாது என்று எழுந்து, கடை கடையாகத் தேட ஆரம்பித்தேன்.

பொம்மைக் கடைகள் இருந்த வரிசையில் போகும்போது ஓர் அரக்கு யானை கண்ணில் பட்டது. அதன் பின்னங்காலில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்.

அந்த ஸ்டிக்கரைத் தெரியாத செக்கிங் பெண் திருப்பூரில் இருக்க மாட்டாள். பனியனில் எங்கே குறை இருக்கிறதோ, அங்கே அம்புமுனை காட்டுகிற மாதிரி ஒட்டி அனுப்புவோம். அதைப் பார்த்துத் தையல்காரர் சரி செய்வார். ஒட்டி ஒட்டிப் பழகி, எங்கள் பெண்களின் கைப்பைக்குள் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, இந்த ஸ்டிக்கர் ஷீட் கிடக்கும். நான் குனிந்து பார்த்தேன். அம்புமுனைக்கு நேராக அரக்கு குமிழ்விட்டிருந்தது. அந்தப் பதற்றத்திலும் சூப்பர்வைசர் புத்தி போகவில்லை. சரியாகத்தான் ஒட்டியிருக்கிறாள் என்று மனசுக்குள் டிக் போட்டேன்.

ஸ்டிக்கரைக் காட்டி, யார் என்று கடைக்காரரிடம் கையாலேயே கேட்டேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தோளின் இரண்டு பக்கமும் கையை இறக்கி ரெட்டைச் சடை காட்டினார். யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, விலையைக் குறை என்று அதட்டுவது போல நடித்துக் காட்டினார். அவளேதான்! பிறகு வரிசையின் அந்தப் பக்கம் கையை நீட்டினார்.

நாலைந்து கடை தள்ளி, ஒரு மரப்பெட்டியின் மூலையில் வெள்ளைச் சித்திரம் பெயர்ந்த இடத்தில் அடுத்த அம்புக்குறி. இன்னும் கொஞ்சம் தள்ளி, ஒரு தஞ்சாவூர் பொம்மை மாதிரித் தலையாட்டும் பொம்மையின் காதில் இன்னொன்று. ஓடிக்கொண்டே நான் வாங்கிய பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் விரல் நீளத்துக்கு விரிசல். அவள் பக்கத்தில் நின்றிருந்தால் அதை வாங்கவே விட்டிருக்க மாட்டாள்.

வரிசையின் கடைசியில் ஒரு பெண்மணி நடத்துகிற பொம்மைக் கடை. புதிதாக வந்த சாக்கு மூட்டையைத் தரையில் கொட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு முக்காலியில் எங்கள் பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் டீ கிளாஸ். வலப்பக்கம் நல்ல பொம்மைகள், இடப்பக்கம் கழிவு. அட, மைசூரிலும் ஒரு செக்கிங் மேசை போட்டுவிட்டாளே! ஒரு கிளியை எடுத்து மூக்கைத் தடவி அவள் தலையை ஆட்ட, கடைக்கார அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் ரொம்ப நாள் பழகியவர்கள் மாதிரி இருந்தார்கள். நாங்கள் எல்லோரும் பாஷை தெரியாமல் திண்டாடிய சந்தையில், திண்டாடாத ஒரே ஆள் அவள்தான்.

பாய்ந்துபோய்க் கையைப் பிடித்தேன். "எங்க கண்ணு போயிட்ட? உசுரே போச்சு எனக்கு!" என்று வாயால் திட்டினேன், கையாலும் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். அவள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். துப்பட்டாவால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு தன் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். மூன்றரைகூட ஆகவில்லை. வாசல் பக்கம் கையைக் காட்டி, வளைவை வரைந்து, நாலு விரலைத் தூக்கிக் காட்டினாள். நேரம் இருக்கிறதே, எதற்கு அழுகிறாய் என்று அவள் முகம் கேட்டது.

நான் மற்றவர்களுக்குப் போட்ட சட்டத்தை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவளுக்கென்று போட்ட தனிச் சட்டத்தை மட்டும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாள். கடைக்கார அம்மாள் ஒரு கிளி பொம்மையைக் காசு வாங்காமல் அவள் கையில் வைத்து வழியனுப்பினார். நாலு மணிக்கு வளைவுக்குக் கீழே வந்து நின்றவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் அசைந்து அசைந்து வந்து சேர ஐந்தானது.

திரும்பி வரும்போது வேனில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன், இந்த விஷயம் அவள் அம்மா காதுக்குப் போகக் கூடாது என்று. தெரிந்தால் அப்புறம் அவளைக் கம்பெனிக்குக்கூட அனுப்ப மாட்டார் என்ற பயம். எல்லோரும் தலையாட்டினார்கள். சம்பந்தப்பட்டவளைக் கேட்க மறந்துவிட்டேன்.

விடிகாலையில் வேலம்பாளையம் வந்து சேர்ந்தோம். அம்மா பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தார். வேனை விட்டுக் குதித்ததும் மகள் கையால் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். யானை, பெட்டி, கிளி, டீ, ஒன்று விடவில்லை. இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, முகவாயைத் தூக்கி ஒரு ஆளை நடித்தாள். அந்த ஆள் நான்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் கம்பெனி கை பாஷையில் என் பெயரே அதுதானாம், மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அயர்ன் மாஸ்டர் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வேனில் அவளுக்குச் செய்து காட்டியிருப்பார் போலிருக்கிறது, கூடாரத்தில் நான் காதைத் தொட்டு வாயைத் தொட்டு நின்றதையும் நடித்துக் காட்டிவிட்டாள்.

அவள் அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "புடிச்ச கைய உட்டுட்டனுங்க. மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யக்கா, அப்போ இவ தனியா போய்ட்டு வந்துருவாளோ?" என்று கேட்டார்.

"தனியாவா? நம்மளையும் கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வந்துருவாளுங்க" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் மணி அடித்தது. கேட்டில் அவள் அம்மா இல்லை. அவள் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து, பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். ஜாக்கிரதை என்று சொல்ல நான் வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டேன். பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

இத்தனை வருடத்தில் என் பிள்ளைகளை, என் மேசைப் பெண்களை எத்தனையோ முறை 'பத்திரம்' என்று சொல்லிக் கையைப் பிடித்து நிறுத்தப் போயிருக்கிறேன். அப்படிப் பிடிப்பது அவர்களுக்காகவா, என் பயத்துக்காகவா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுப் பாதி நேரம் விட்டுவிடுகிறேன்.