ஏன் ஐயாயிரம்?

சுன்னாகத்தில் கேதீஸ்வரனுடைய விரலுக்குத் தனி மதிப்பு. வாகனத்திலிருந்து கழற்றிய எஞ்சின் ஒயிலைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய், "இன்னும் ஓடும்" என்றால் ஓடும். "மாத்து" என்றால் மாற்றத்தான் வேண்டும். எதிர்க்கதை கிடையாது. சந்தைக்கு வெங்காயம் ஏற்றிவரும் லொறிக்காரரும் அப்படித்தான், கோட்டுச் சூட்டோடு வரும் வங்கி மனேச்சரும் அப்படித்தான். மனிதர் இருபத்தாறு வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறார், வேறென்ன வேண்டும்?

அவருக்கு ஒரு விசர்ப் பழக்கமும் உண்டு. புது வாகனத்தின் முதல் ஒயிலைக் கழற்றினால், கொஞ்சத்தை மருந்துப் போத்தலொன்றில் பிடித்து, வாகன இலக்கத்தை ஒட்டித் தட்டில் வைத்துவிடுவார். எதற்கு என்று கேட்டால், "சும்மா, பாக்கத்தான்" என்பார். வெயிலில் பிடித்தால் புது எஞ்சினின் இரும்புத்தூள் உள்ளே மினுங்குமாம். அதைப் பார்க்க ஆசையாம்.

போன திங்கட்கிழமை கராஜ் வாசலில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. இரண்டு பேர்தான் இருக்கலாம். பின்னால் ஒரு மூட்டை வெங்காயம் வைக்க இடமில்லை. ஓட்டி வந்தவள் உடுப்பிட்டிச் செல்வரட்ணத்தின் மகள் நிவேதனா. கொழும்பில் கணினி வேலை. சொந்த உழைப்பில் வாங்கிய புதுக் கார். பக்கத்தில் தகப்பன். கேதீஸ்வரனிடம் காட்டாத வாகனம் செல்வரட்ணத்துக்கு வாகனமே இல்லை.

"ஆயிரத்து அறுநூறு கிலோமீற்றர் ஓடியிருக்கு அங்கிள். ஒயில் மாத்தேக்கை சிந்தெற்றிக் விடலாமோ?"

"ஐயாயிரம் ஓடட்டும் பிள்ளை. புது எஞ்சினெல்லே, உள்ளுக்கை ரிங்குகள் உரஞ்சிப் பதியவேணும். சிந்தெற்றிக் வழுக்கும். வழுக்கினால் எங்கை உரஞ்சிறது? இப்ப இருக்கிறதைக் கழட்டிப்போட்டு நல்ல தடிச்ச சாதா ஒயில் விடுறன்."

"காரோடை தந்த புத்தகத்திலை வேறை மாதிரி..."

"புத்தகம் யப்பானிலை எழுதினது," என்று செல்வரட்ணம் இடையில் வெட்டினார். "கேதீஸ் சொன்னால் சொன்னதுதான்."

வேலை முடிந்து காரில் ஏறும்போது நிவேதனா திரும்பினாள். "அதென்ன அங்கிள் ஐயாயிரம்? ஏன் நாலாயிரத்து எழுநூறு இல்லை?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கேதீஸ்வரனும் சிரித்தார். கையசைத்து அனுப்பிவைத்தார்.

கார் போனபிறகும் அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது. யார் அவருக்கு ஐயாயிரம் என்று சொன்னது? எவ்வளவு யோசித்தும் ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. எல்லாரும் சொன்னார்கள், இவரும் சொன்னார். இதற்குப் பெயர்தான் எங்கள் ஊரில் அனுபவம். போதாக்குறைக்கு, அந்தக் காரில் கழற்றிய ஒயில் விரலில் ஒருமாதிரி இருந்தது. மிகவும் இளக்கம், மணமும் பழகிய மணமில்லை. இது சாதா ஒயில்தானா?

சிந்தெற்றிக் குளிரில் இறுகாது என்று எப்போதோ கேட்டிருந்தார். யாழ்ப்பாணத்துக் குளிருக்கு எந்த ஒயில் இறுகப்போகிறது? எங்களுக்கு மார்கழிக்கே ஒரு துவாய் போதும். ஆகவே இரண்டு போத்தல்களை வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒன்றில் காரின் ஒயில், மற்றதில் கராஜ் கானிலிருந்த சாதா ஒயில்.

"என்னப்பா இது, மீன் வைக்கிற இடத்திலை?" என்றாள் மனைவி குணலட்சுமி, பிறிட்ஜின் ஐஸ் தட்டைத் திறந்துவிட்டு.

"தொடாதையும். நாளைக்கு மத்தியானம் எடுக்கிறன்."

மறுநாள் மத்தியானம் இரண்டையும் எடுத்துச் சரித்தார். சாதா ஒயில் ஆறிய கூழ் மாதிரி அசைய மனமில்லாமல் கிடந்தது. காரின் ஒயில் லேசாக மறுபக்கம் ஓடியது. திரும்பச் சரித்தார், திரும்பவும் ஓடியது. சின்னப்பிள்ளை போல ஐந்தாறு தரம் சரித்துப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோசம். பிறகுதான் விசயம் உறைத்தது.

கார் கம்பனியிலிருந்து வரும்போதே சிந்தெற்றிக்கோடுதான் வந்திருக்கிறது. அந்த எஞ்சினுக்கென்றே விட்ட ஒயிலைக் கழற்றிவிட்டு, பொருந்தாத ஒயிலை ஊற்றி அனுப்பியிருக்கிறார். நாளைக் காலை பிள்ளை அதே காரில் கொழும்புக்குப் போகிறாள்.

"உடனை உடைஞ்சிடுமே?" என்று குணலட்சுமி கேட்டாள்.

"இல்லை. உடனை ஒண்டும் தெரியாது. கொஞ்சங் கொஞ்சமா உள்ளுக்கை தேயும்."

"அப்ப சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது. சொன்னால் செல்வரட்ணத்தார் ஊரெல்லாம் கதைப்பார். உங்கடை பேர் என்னாகும்?"

கேதீஸ்வரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்த விரல் ஒருநாளும் பிழைத்ததில்லை என்பது சுன்னாகத்தின் நம்பிக்கை; அவருடைய நம்பிக்கையும் அதுதான். அதை விட்டால் அவரிடம் பெருமைப்பட ஒன்றுமில்லை. கையைக் கழுவினார். கடையில் சிந்தெற்றிக் கானொன்றை வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு உடுப்பிட்டிக்கு விட்டார்.

படலையிலேயே சொல்லிவிட்டார். உள்ளே போனால் வாய் வராது என்ற பயம்.

"அண்ணை, நான் பிழை விட்டிட்டன். பிள்ளையின்ரை கார் சிந்தெற்றிக்கோடைதான் வந்தது. ஐயாயிரம் எண்டு சொன்னது, ஏன் எண்டு எனக்கே தெரியாத கதை."

செல்வரட்ணம் அவருடைய முகத்தைப் பார்க்காமல் விரலைப் பார்த்தார். நிவேதனா காருக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்துவந்து ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினாள். முதல் நாளிலிருந்தே சிந்தெற்றிக்தான் என்ற வரியின் கீழே முன்பே பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"உமக்கு முந்தியே தெரியுமே பிள்ளை?"

"ஓம் அங்கிள்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொல்ல வந்தனான். நீங்கள் அவ்வளவு உறுதியாச் சொன்னியள். நான்தான் பிழையாக்கும் எண்டு விட்டிட்டன்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். முற்றத்தில் சாக்கை விரித்து, காருக்குக் கீழே படுத்து ஒயிலை மாற்றிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே யோசனை: இப்படி வாயை மூடிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்?

அடுத்த நாள் காலை குணலட்சுமி மீனோடு வந்து பிறிட்ஜைத் திறந்தால், மீனுக்கு இடமில்லை. கராஜ் தட்டில் இருந்த இருபத்திரண்டு மருந்துப் போத்தல்களும் உள்ளே நின்றன. அவள் ஏசி முடியும்வரை காத்திருந்துவிட்டு, கேதீஸ்வரன் ஒவ்வொன்றாக எடுத்துச் சரித்தார். ஏழு போத்தல்களில் ஒயில் லேசாக ஓடியது. அந்த ஏழின் இலக்கங்களையும் வாசித்தார். ஏழு பேரையும் நினைவிருந்தது. போனை எடுத்தார்.

"ஆழ்வாப்பிள்ளை அண்ணை, சுன்னாகம் கேதீஸ் கதைக்கிறன். உங்கடை கார் புதுசா வரேக்கை, ஐயாயிரம் ஓடட்டும் எண்டு ஒரு கதை சொன்னனான், ஞாபகமோ?"

"மறப்பனே தம்பி?" ஆழ்வாப்பிள்ளையின் குரலில் பெருமை வழிந்தது. "போன கிழமை மருமகனும் புதுக் கார் எடுத்தவர். அவர் மாட்டன் எண்டுதான் நிண்டவர். கேதீஸ் சொன்னது எண்டு சொல்லி, நான்தான் ஒயிலைக் கழட்டுவிச்சனான்."

கேதீஸ்வரன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"மருமகனின்ரை நம்பரையும் தாங்கோ அண்ணை," என்றார்.