தாளை விட்டு விழுந்த நெகட்டிவ்

முத்துமீனாவோடு நான் சண்டை போட்ட நாட்களை எண்ணுவதைவிட, போடாத நாட்களை எண்ணுவது சுலபம். பெரும்பாலும் இரண்டே விஷயத்துக்குத்தான் சண்டை. ஒன்று, என் மேஜைக்கு மேலே ஓடும் ஃபேன். கண்ணாடித் துண்டில் தடவி வைத்த ரத்தத்தில் தூசி விழுகிறது என்று கேட்காமல் கொள்ளாமல் அணைத்துவிட்டுப் போவாள். இன்னொன்று அவளுடைய பச்சை அட்டை போட்ட நோட்டு.

பழங்காநத்தத்தில் சீதாராமன் சார் நடத்திய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் டெக்னீஷியன். நான் வெங்கடேஷ்பாபு, வரவேற்பு, கம்ப்யூட்டர், பிரிண்டர் மூன்றுக்கும் நானே அதிகாரி. வீட்டில் சௌராஷ்டிரம், வெளியில் தமிழ், கம்ப்யூட்டரிடம் இங்கிலீஷ் என்று மூன்று பாஷை பேசுவேன். எந்தப் பாஷையில் சொன்னாலும் என் பேச்சு எடுபடுவதில்லை என்பது என் மனைவி பிருந்தாவின் கருத்து.

இரண்டாயிரத்து ஏழில் சார் எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றினார். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி எழுதிக் கொடுத்த மென்பொருள். முடிவுகளை அதில் ஏற்றினால்தான் ரிப்போர்ட் அச்சாகும். கம்ப்யூட்டரோடு வந்த பழைய எக்ஸ்ப்ளோரர் பிரவுசரில்தான் அதைத் திறப்பேன். திறந்தாலும் சம்பந்தி வீட்டார் மாதிரி எதற்குக் கோபித்துக்கொள்ளும் என்று தெரியாது. பின்னால் போகும் பட்டனைத் தொட்டால் அதுவரை அடித்ததெல்லாம் அழிந்துவிடும். குட்டி ஜன்னல் திறக்க அனுமதி கொடுக்க மறந்தால் அச்சுப் பக்கம் வராது. காலை பத்து மணிக்கு, வெறும் வயிற்றோடு முப்பது பேர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பார்த்து, மணல் கடிகாரம் சுற்ற ஆரம்பிக்கும். நானும் அதன் குணம் அறிந்து நடக்கப் பழகிக்கொண்டேன். இரண்டு தடவை மூடித் திறப்பேன், ஞாயிற்றுக்கிழமை பழைய குப்பையை எல்லாம் அழிப்பேன், அதுவும் பலிக்காவிட்டால் பாண்டி முனியை வேண்டிக்கொள்வேன்.

முத்துமீனாவின் வழி வேறு. எந்த முடிவையும் முதலில் பச்சை நோட்டில் பேனாவால் எழுதுவாள். பிறகுதான் கம்ப்யூட்டர். முடிவு மட்டும் இருந்தால் பரவாயில்லை. வந்தவர் எந்த ஊர், யார் வீட்டுப் பெண், கூட வந்தது மாமியாரா நாத்தனாரா என்பதுவரை இருக்கும்.

"நீ என்ன கல்யாணத் தரகரா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஊசி குத்துறப்ப பேச்சுக் குடுத்தாத்தான்ணே அவுகளுக்கு வலி தெரியாது. பேசுனத எழுதி வச்சா உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அவளுக்குச் சொந்த ஊர் எழுமலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். அப்பா போன பிறகு, அரசு விடுதியில் தங்கி இரண்டு வருஷப் படிப்பை முடித்து, வேலை கிடைத்த மறுமாதமே அம்மா சுந்தரம்மாளைப் பழங்காநத்தத்துக்குக் கூட்டி வந்துவிட்டாள். ஊருக்குப் போவதே இல்லை. ஏன் என்று கேட்டால், "அங்க எனக்கு என்ன இருக்கு?" என்பாள். வேலையில் கெட்டிக்காரி. எவ்வளவு மெலிந்த கையிலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள். இதை அவள் முகத்துக்கு நேரே நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஃபேனை நிரந்தரமாக நிறுத்தியிருப்பாள்.

அடுத்த வருஷம் ஆவணியில் நடந்தது இது. ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தை முடித்துவிட்டு, தேனியில் சித்தப்பா மகள் கல்யாணம் என்று மூன்று நாள் லீவு போட்டுப் போனாள். அவள் போன அரை மணி நேரத்தில் எக்ஸ்ப்ளோரர் படுத்துவிட்டது. எதற்கும் எழுந்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் ஒருவனைக் கூப்பிட்டேன். அவன் வந்து, நரிப் படம் போட்ட புது பிரவுசர் ஒன்றை ஏற்றினான்.

"இதுல போட்டுப் பாரு மாப்ள. பறக்கும்."

பறந்தது. முதலில் ஒரு சர்க்கரை ரிப்போர்ட்டை அச்சடித்துப் பார்த்தேன். பளிச்சென்று வந்தது. சீதாராமன் சார் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "கெட்டிக்காரன்யா நீ" என்றார். அவள் வரும்வரை பரிசோதனைகளைச் சாரே பார்த்துக்கொண்டார். மூன்று நாளும் நான் தரையில் நடக்கவில்லை.

வியாழக்கிழமை காலை முத்துமீனா வந்தாள். வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, அலுவலகப் பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டு நோட்டோடு ஒப்பிடுவது. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். என் மேல் நம்பிக்கை இல்லை என்றுதானே அர்த்தம்?

"பாபு அண்ணே, இங்க வாங்க" என்றாள். குரலில் சண்டை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை தேதி போட்ட ஒரு ரிப்போர்ட். தங்கப்பொண்ணு, வயது இருபத்து மூன்று, ரத்தப் பிரிவு 'பி'. அவ்வளவுதான். பாசிட்டிவா நெகட்டிவா என்பது இல்லை. அந்த மென்பொருளில் அது வலது ஓரத்தில் கடைசிக் கட்டத்தில் வரும். புது பிரவுசரில் பக்கம் அகலமாகி, கடைசிக் கட்டம் தாளை விட்டு வெளியே போயிருந்தது. சர்க்கரை ரிப்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். அதனால்தான் என் கண்ணில் படவில்லை.

பச்சை நோட்டில் சிவப்பு மையால் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்: பி நெகட்டிவ். நிறைமாதம்.

சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். "எக்ஸ்ப்ளோரர்ல மட்டும்தான் சார் சரியா வரும். முதல் பக்கத்துலயே போட்டிருக்கோமே" என்றான் அந்தப் பையன். பார்த்தேன். எறும்பு மாதிரி எழுத்தில் கீழே ஓரமாக இருந்தது. பதினெட்டு மாதமாக அந்தப் பக்கத்தில் குடியிருக்கிறேன், படித்ததில்லை.

அந்த மூன்று நாளில் பதினோரு பேருக்கு ரத்தப் பிரிவு கொடுத்திருந்தோம். பத்துப் பேர் பாசிட்டிவ். நம் பக்கத்தில் யாரும் 'பி பாசிட்டிவ்' என்று சொல்வதில்லை. 'பி குரூப்பு' என்பார்கள். நெகட்டிவாக இருந்தால்தான் அதைத் தனியாகச் சொல்வார்கள். ஆக, வெறும் 'பி' என்று பார்த்தால் யாரும் மறுபேச்சுக் கேட்கமாட்டார்கள். நெகட்டிவ் தாய்க்குப் பிரசவம் ஆனதும் போட வேண்டிய ஊசியும் போடாமலே போய்விடும்.

தங்கப்பொண்ணின் கணவனுடைய செல்போன் அணைந்து கிடந்தது. கம்ப்யூட்டரில் இருந்த முகவரி பசுமலை. பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க போறீக? தலப்பிரசவம்ணே. ஆத்தா வீட்டுலதான் இருப்பா. பசுமலை புருசன் வீடு. ஸ்கேன் எடுக்க மதுரைக்கு வந்தவள அவருதான் கையோட இங்க கூட்டி வந்தாரு" என்றாள் முத்துமீனா. நோட்டில் இருந்தது: அம்மா மலையம்மாள், எழுமலை, தெற்குத்தெரு. பிரசவத்துக்கு எழுதி வைத்திருப்பது உசிலம்பட்டியில் ஒரு நர்சிங் ஹோம் என்பதும் இருந்தது.

அங்கே போன் செய்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்து, இன்று காலைதான் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நர்சிங் ஹோம் சீட்டில் 'பி பாசிட்டிவ்' என்று இருந்தது. எங்கள் 'பி'யைப் பார்த்து எவரோ பக்கத்தில் ஒரு கூட்டல் குறியைப் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்த டாக்டரம்மா நல்லவர். "எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டாகணும். நாளை மதியம் வரைக்கும் நேரம் இருக்கு, ஆனா இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. ஊசி இங்க இருப்பு இல்ல, நீங்களே வாங்கிட்டு வந்துருங்க" என்றார்.

ஊசி மருந்தையும், ரத்தப் பிரிவு பார்க்கும் சொட்டு மருந்துகளையும் ஐஸ் பெட்டியில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு உசிலம்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்தோம். வழியெல்லாம் அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். செக்கானூரணி தாண்டியும் வாயைத் திறக்கவில்லை.

"திட்டவாவது செய்யேன்மா."

"திட்டுனா நேரம் கூடுமாண்ணே?"

எழுமலை போய்ச் சேர மணி ஒன்றரை. மலையம்மாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க, கறாரான பெண்மணி. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு வாசல் நடையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் தாளின் ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது, தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

"ஓரம் போச்சுன்னா வேற தாள் அடிச்சுக் குடுங்கய்யா. அதுக்கு எம்மகளுக்கு எதுக்கு ஊசி?"

"இல்லம்மா, அவுக ரத்தம் ஒரு சாதி, பிள்ள ரத்தம் ஒரு சாதியா இருந்தா..." என்று ஆரம்பித்து, என்ன வார்த்தையை எந்த ஊரில் சொல்லிவிட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பிள்ளைக்கு இப்ப எதும் கோளாறா?"

"இந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமில்லம்மா. அடுத்து உண்டாகுற பிள்ளைக்குத்தான்" என்றாள் முத்துமீனா.

"அடுத்தத அப்பப் பாத்துக்கிருவோம். பெத்த ஒடம்ப மூணாம் நாளு வெயில்ல அனுப்ப முடியாது." சொல்லிவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். "நீ எந்தூரு புள்ள?"

"இந்த ஊருதாம்மா. கீழத்தெரு. சுந்தரம்மா மக."

மலையம்மாளின் கை சட்டென்று சேலைத் தலைப்பை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடியது. "நீதானா அந்த ஒத்தப் புள்ள?"

எனக்குப் புரியவில்லை. முத்துமீனா என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "எனக்குப் பெறகு எங்கம்மாவுக்கு மூணு பெறந்துச்சுண்ணே. ஒண்ணும் ஒரு வாரம் தாண்டல. கூடப்பெறந்ததத் தின்னவள்னு ஊருல எனக்குப் பேரு. பச்சப்பிள்ள இருக்க வீட்டு வாசல்ல என்னைய ஏத்த மாட்டாக."

மூன்று வருஷமாகப் பக்கத்து மேஜையில் இருக்கிறேன். ஃபேனுக்குச் சண்டை போடத் தெரிந்த எனக்கு இது தெரியாது. வெட்கமாக இருந்தது.

அவள் மலையம்மாளிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "படிக்கப் போன எடத்துல எங்கம்மா ரத்தத்த நாந்தாம்மா மொதமொதல்ல பாத்தேன். நெகட்டிவ். உங்க மகளுக்கும் அதே நெகட்டிவ்தான். என்னையப் பெத்தப்ப இந்த ஊசியப் போடணும்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. அம்புட்டுத்தான் நடந்தது. நான் யாரையும் திங்கல."

உள்ளேயிருந்து தங்கப்பொண்ணுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் மடியிலிருந்து குழந்தையின் காலை மட்டும் வெளியே எடுத்து நீட்டினாள். "பாருங்கக்கா" என்றாள்.

முத்துமீனா தாயின் விரலில் ஒரு குத்து, குழந்தையின் குதிகாலில் ஒரு குத்து குத்தினாள். இரண்டு கண்ணாடித் துண்டிலும் மருந்தைச் சொட்டி, குச்சியால் கலக்கி, மலையம்மாளின் கண்ணுக்கு நேரே ஆட்டிக் காட்டினாள். தாயின் ரத்தம் அப்படியே வழவழப்பாக இருந்தது. குழந்தையின் ரத்தம் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகப் பிரிந்தது.

"ரெண்டும் வேற வேற. பாத்தீகளா? இந்தப் பிள்ள ரத்தம் உங்க மக ஒடம்புல கலந்திருக்கும். அத எதிரின்னு அந்த ஒடம்பு நெனச்சுக்கிருச்சுன்னா, அடுத்த பிள்ளைய உள்ளயே அழிச்சுப்புடும். அப்படி நெனைக்க விடாமப் பண்ணுறதுதான் இந்த ஊசி."

மலையம்மாள் அந்தக் கண்ணாடித் துண்டுகளை மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, மகளின் காதில் பஞ்சு வைத்து, தலையைச் சுற்றித் துண்டைக் கட்டினார். என்னைப் பார்த்து, "ஆட்டோ கூப்பிடுய்யா. நின்னுக்கிட்டே இருக்க?" என்றார்.

உசிலம்பட்டியில் டாக்டரம்மா இன்னொரு முறை சோதித்துப் பார்த்துவிட்டு, நாலே முக்காலுக்கு ஊசியைப் போட்டார். இன்னும் இருபத்தோரு மணி நேரம் கையிருப்பில் இருந்தது. நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, காலையிலிருந்து முதன்முறையாக ஒரு மூச்சை முழுசாக விட்டேன்.

மலையம்மாள் குழந்தையோடு வெளியே வந்து முத்துமீனாவின் முன்னால் நின்றார்.

"இந்தா, பிடி. நான் அவகிட்டப் போறேன்."

முத்துமீனா கையை நீட்டவில்லை. "வேணாம்மா. அண்ணன்ட்ட குடுங்க."

"அன்னைக்கு உன்ன வாசல்ல இருந்து வெரட்டுனதுல நானும் ஒருத்திதான். தலையத் தாங்கிப் பிடி" என்றார் மலையம்மாள்.

தினம் பத்துக் குழந்தைக்கு ரத்தம் எடுக்கிறவளுக்கு ஒரு குழந்தையை எப்படித் தூக்குவது என்று தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று தடுமாறினாள். மலையம்மாள்தான் அவள் முழங்கையை மடக்கிவிட்டு, குழந்தையை அதில் கிடத்திவிட்டு உள்ளே போனார்.

"உக்காரும்மா" என்று இடம் விட்டேன். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். தங்கப்பொண்ணு வெளியே வர இருபது நிமிஷம் ஆனது. அதுவரை முத்துமீனா உட்காரவே இல்லை.