விளக்கில்லாத வீட்டுக்கு வந்த பூச்சிகள்

அம்மா நர்ஸ் படிப்புக்காக மதுரைக்குப் போனபோது என்னை நாரணாபுரத்தில் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். எனக்கு எட்டு வயது. அத்தையும் மாமாவும் வெடிக்குத் திரி செய்கிறவர்கள். தீபாவளி சீசனில் திரிக்கட்டுகள் வீட்டுக்குள்ளேயே கிடக்கும் என்பதால் பொழுது சாய்ந்தபின் விளக்கே ஏற்றுவதில்லை. ஊருக்கெல்லாம் வெளிச்சம் செய்து அனுப்பிவிட்டு நாங்கள் இருட்டில் சோறு தின்றோம். அலுப்பில் அவர்கள் உடனே தூங்கிவிடுவார்கள். நான் மட்டும் அம்மாவை நினைத்து அழுதுகொண்டு கிடப்பேன்.

ஒருநாள் ஆட்டுக்கு வெட்டிப்போட்ட இலந்தைக் கிளையில் ஒரு கூடு தொங்கியது. சின்னக் கோழிமுட்டை அளவு, நல்ல கெட்டி. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே எதுவோ குலுங்கியது. கொம்போடு ஒடித்து என் பாய்க்கு மேலே ஆணியில் மாட்டினேன். துணைக்கு ஓர் உயிர் கிடைத்துவிட்டதாக நினைப்பு.

புரட்டாசியில் மழை பெய்த ஒரு மாலையில், கூட்டிலிருந்து ஈரமாக ஒரு பூச்சி வெளியே வந்து சிறகைக் காயவைத்தது. என் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்தால்தான் அதன் அகலம். மஞ்சள் சிறகில் நான்கு கண்ணாடி வட்டங்கள். சீனித்தண்ணீர் வைத்தேன், சீண்டவில்லை. வந்த புதிதில் நானும் சாப்பிடாமல் அடம்பிடித்தவள்தானே, அதன் வருத்தம் எனக்குப் புரிந்தது. அதற்குத் தின்ன வாயே இல்லை, புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துச் சில நாள் வாழ்ந்து முடித்துவிடும் என்பதெல்லாம் பின்னால் காலேஜில் படித்தது.

அன்று நடுச்சாமத்தில் சன்னல் வழியாகச் செங்கல் நிறத்தில் ஒரு பெரிய பூச்சி உள்ளே வந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. விளக்கைத் தேடித்தான் பூச்சி வரும் என்று கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஏது விளக்கு? பயந்துபோய் அத்தையை எழுப்பினேன். நிலா வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள்.

“அதுக்குச் சொந்தக்காரவுக தேடி வந்திருக்காக. பேசாமப் படு, ஏட்டி.”

“கூட்டிட்டுப் போயிருவாகளா, அத்தை?”

“பெறகு? இங்கன உன்கூடவே கெடக்குமாக்கும்?”

சொல்லிவிட்டு அவள் தூங்கிப்போனாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிறந்து ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் அதைத் தேடி மூன்று பேர். என்னைத் தேடி நான்கு மாதமாக ஒரு ஆள் வரவில்லை. முறத்தால் விரட்டி மூன்றையும் வெளியே தள்ளினேன். சன்னலைச் சாத்திக் கொண்டி போட்டேன். என் பூச்சியைக் கூடையால் மூடினேன். விடியும்வரை மரக்கதவில் அவை மோதிக்கொண்டே இருந்தன.

ஐந்தாறு நாளில் அது செத்துப்போனது. கூடையைத் தூக்கிப் பார்த்தால் உள்பக்கமெல்லாம் முட்டை. அழுதுகொண்டிருந்தவள் அப்படியே சிரித்துவிட்டேன். அத்தனையும் பொரித்தால் இனி எனக்குத் துணைக்குப் பஞ்சமில்லை.

தினமும் காலையில் எழுந்ததும் முதலில் கூடையைத்தான் பார்ப்பேன். முட்டைகள் ஒவ்வொன்றாக நடுவில் குழி விழுந்து வற்றின. என் பூச்சியின் வாசம் பிடித்து வந்து, நான் விரட்டிவிட்ட அந்த ஆண்பூச்சிகள் சேராமல் இவை பொரிக்காது என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்? குளிர்கிறதாக்கும் என்று அம்மாவின் பழைய சேலையைக் கூடைமேல் போர்த்தினேன். யாரும் வந்து தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று சன்னலை இன்னும் இறுக்கிச் சாத்தினேன்.