பந்தம் பிடித்து வந்தவர்

செவ்வாய்ப்பேட்டை டெண்டுக் கொட்டகையில் இன்று முதல் ஆட்டம் பார்த்தேன். சாபத்தால் கழுதையான ராஜா, கழுதையாகவே பாடிக்கொண்டிருக்கும் படம். இப்படி ஒன்று வந்திருப்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வரவில்லை.

வழக்கம்போல் படம் ஓட்டும் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எருமப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண் ஆபரேட்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ராசா ஊர்கோலத்துல பந்தம் புடிச்சுட்டு வர்றது எங்க ஊட்டுக்காரருங்க. இங்க படம் புடிச்சப்பக் கூலிக்கு நின்னாருங்க. காலராவுல போயிட்டாரு. ஒரு போட்டோகூட இல்லீங்க. மொகம் வந்ததும் சித்த நிறுத்துங்க சாமி."

"நிறுத்துனா வெளக்குச் சூட்டுல பிலிம் கருகிப் போயிரும்மா" என்றார் ஆபரேட்டர். அவள் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

ஊர்வலம் வந்தது. பந்தத்துக்குப் பின்னால், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு முகம். மனசு கேட்காமல் ஆபரேட்டர் மிஷினை நிறுத்திவிட்டார்.

முகம் திரையில் அப்படியே நின்றது. அவள் எழுந்து நின்றாள். அந்தக் கன்னத்தில் ஒரு பழுப்புப் புள்ளி விழுந்தது. அது விரிந்து முகத்தையே தின்றுவிட்டது. பிறகு வெறும் வெள்ளைத் திரை.

வந்திருந்த கொஞ்சப் பேரும் விசிலடித்தார்கள். ஆபரேட்டர் கருகிய துண்டை வெட்டிவிட்டு, பிலிமை ஒட்டி, படத்தை ஓட்டினார். அந்த முகம் படத்தில் வந்ததே அந்தத் துண்டில் மட்டும்தான்.

ஆட்டம் முடிந்ததும் அவள் மறுபடி வந்தாள்.

"நாளைக்கும் வாரேனுங்க. நிறுத்த வேண்டாமுங்க, சும்மா ஓட்டுனாப் போதும்."

ஆபரேட்டர் கருகிய துண்டைக் காலால் மிஷினுக்கு அடியில் தள்ளினார்.

படம் படுமோசம், நண்பர்களே. ஆனாலும் இதன் வேறொரு பிரதி உங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தால் உடனே சொல்லியனுப்புங்கள். கழுதை பாடுவதை இன்னொரு முறை பொறுத்துக்கொள்கிறேன்.