முழு டிக்கெட் வம்சம்

குழந்தைகள் டாக்டரிடம் நர்ஸாக இருப்பவளுக்கு ஊசி போடுவது சுலபம், கேள்வி கேட்பதுதான் கஷ்டம். ஊசிக்குக் குழந்தை மட்டும்தான் அழும். கேள்விக்குக் குடும்பமே சண்டைக்கு எழுந்து நிற்கும். தர்மபுரியில் நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு, இரண்டாவது மூன்றாவது படிக்கும்போதே பருவமடைவதற்கான மாற்றங்கள் தொடங்கிவிட்ட பிள்ளைகளையும் கூட்டி வருவார்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படிச் சீக்கிரம் வந்ததா என்று விசாரித்து வைப்பது என் பொறுப்பு. அம்மா எந்த வயதில் பெரியமனுஷி ஆனார், அப்பாவுக்கு மீசை எப்போது வந்தது, குரல் எப்போது உடைந்தது என்றெல்லாம் நாலு பேர் நடுவில் கேட்க வேண்டும். ரேஷன் கடையிலும் வங்கியிலும் உட்கார்ந்து ஊராரைக் கேள்வி கேட்டுப் பிழைக்கும் சொந்தங்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

கோழி மேல் வழக்கு

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் குற்றம் சொல்வது பிராய்லர் கோழியை. "கண்ட கறியையும் தின்னா இப்படித்தான்" என்று பக்கத்து நாற்காலிக்காரர் தீர்ப்பே சொல்லிவிடுவார். அப்படி ஒருவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த நாளில், மொரப்பூரிலிருந்து ஒரு அப்பா மனைவியோடு மகளைக் கூட்டி வந்திருந்தார். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டேன். பிராய்லர் கடை என்றார், ரொம்ப மெதுவாக.

அவர் மனைவியிடம் விசாரித்தால், அந்த அம்மாவுக்கும் அவர் தங்கைக்கும் நாலாவது படிக்கும்போதே வந்துவிட்டதாம். அப்புறம் கோழி என்ன செய்யும் பாவம்? இருந்தாலும் வழக்கமான கேள்வியைக் கேட்டு வைப்போமே என்று, குழந்தை வாரம் எத்தனை நாள் கோழி சாப்பிடும் என்று கேட்டேன். கடைக்காரர் பதறிப்போய்ச் சொன்னார்: "நாங்க வியாபாரந்தாங்க பண்றோம், வூட்ல ஒருத்தரும் அதத் தொடறதில்லைங்க."

உடையாத குரல்

இண்டூர்ப் பக்கம் தக்காளி போடும் விவசாயி மாதேஷ். மூன்றாவது படிக்கும் மகள் யாழினியை மனைவி சுகன்யாவோடு கூட்டி வந்தார். கூடவே மாதேஷின் அக்கா மாதம்மாள். எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னது அக்காதான். "எங்க வூட்டுப் பொண்ணுங்க எல்லாம் ஒம்பதாவது படிக்கறப்பதான் ஆனோம். இது அம்மாக்காரி வூட்டு வழி." சுகன்யா, தனக்கும் ஒன்பதாவது படிக்கும்போதுதான் என்றாள். "யாரு பாத்தா?" என்றார் மாதம்மாள்.

வீட்டிலும் தினமும் இதே பேச்சுதானாம். குழந்தை காதில் விழும்படி, அம்மா கொண்டுவந்த கோளாறு என்று மாதம்மாள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, யாழினி பள்ளிக்கூடத்தில் விளையாடப் போவதையே நிறுத்திவிட்டாள். சுகன்யா அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதை அடக்கிக்கொண்டு, இதுவரை வாயே திறக்காத மாதேஷிடம் திரும்பி, உங்களுக்குக் குரல் எப்போது உடைந்தது என்று கேட்டேன். கட்டைக் குரலில் பதில் வந்தது: "எனக்கு ஒடையவே இல்லைங்க, நெனவு தெரிஞ்சதுலருந்தே இப்படித்தாங்க."

கோடு போட்ட குடும்பம்

டாக்டரம்மா ஒரு தாளில் குடும்பத்தைப் படமாக வரைவார். அப்பா பக்கம் இடது, அம்மா பக்கம் வலது. வட்டம், கட்டம், நடுவில் கோடு. வேறு ஊர்களில் இது மரம் மாதிரி அழகாகக் கிளை விட்டு நிற்குமாம். எங்கள் ஊரில் நிற்காது. சுகன்யா யார் என்றால், மாதேஷின் தாய்மாமன் மகள். வலது பக்கம் போன கோடு வளைந்து இடது பக்கத்துக்கே வந்து சேர்ந்தது.

டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாதம்மாளிடம், "நீங்க குத்தம் சொல்ற அம்மாக்காரி வூடு, உங்க அம்மா பொறந்த வூடுதானேம்மா?" என்றார். அந்தக் கோணத்தில் மாதம்மாள் யோசித்ததே இல்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம் தெளிவாகச் சொன்னார்: "எங்கம்மா கட்டிக்கிட்டு வர்ற வரைக்கும் அந்த வூடு நல்லாத்தாங்க இருந்துச்சு, அதுக்கப்புறந்தான் கெட்டுப்போச்சு."

தேதி இல்லாத விழா

பரிசோதனை எல்லாம் முடிந்து டாக்டரம்மா விவரம் சொன்னார். மூளையிலிருந்து வர வேண்டிய கட்டளை சீக்கிரமே வந்துவிட்டது. இப்படியே விட்டால் இப்போது மளமளவென்று வளர்ந்து, பிறகு வளர்த்தி சீக்கிரமே நின்றுவிடும். குழந்தை குள்ளமாகப் போய்விடலாம். மாதாமாதம் ஊசி போட்டு நிறுத்தி வைக்கலாம். உரிய வயதில் ஊசியை விட்டால் எல்லாம் தானாக வரும். சுகன்யா உடனே சரி என்றாள். மாதம்மாள் கூடாது என்றார். மாதேஷ் அக்கா முகத்தையே பார்த்தார். அக்கா சொல்லாமல் அந்த வீட்டில் எதுவும் நடக்காது.

அடுத்த முறை அவர்களோடு சுகன்யாவின் அண்ணனும் வந்தார். தொப்பூரில் பரோட்டாக் கடை வைத்திருப்பவர். தங்கைக்குப் பரிந்து பேச ஆள் வந்துவிட்டது என்று நினைத்து, அவருக்கு நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டேன். அவரோ செல்போனை நீட்டினார். யாழினிக்கு மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸ் பேனர். தாய்மாமன் படம் நடுவில் பெரிதாக, கூலிங் கிளாஸோடு. குழந்தை ஒரு ஓரத்தில். எப்படியும் வரத்தானே போகிறது என்று முன்கூட்டியே தயார் செய்துவிட்டாராம். டாக்டரம்மா பேனரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "தேதி மட்டும் விட்டு அடிச்சிட்டோங்க மேடம், ஊசி போட்டு அஞ்சாறு வருஷம் தள்ளிப்போனா எனக்கு முடி கொட்டிப்போயிடுமுங்க."

ராஜா வேஷம்

ஊசி போடலாமா வேண்டாமா என்று முடிவாகாமலே எல்லோரும் இன்னொரு முறை வந்தார்கள். அன்று பெற்றோர் உயரத்தையும் அளக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. குழந்தை எவ்வளவு வளரும் என்று கணக்குப் போடுவதற்காக. அளவுகோலில் நின்றபோது மாதேஷ் மனைவியைவிடக் குள்ளம் என்று தெரிந்தது. சுகன்யாவின் அண்ணன் லேசாகச் சிரித்தார். மாதம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இப்பத்தாங்க இப்படி. சின்ன வயசுல என் தம்பிதான் பள்ளிக்கொடத்துலயே ஒசரம். நாலாவது படிக்கறப்பவே மீசை! பஸ்ஸுல அரை டிக்கெட் கேட்டா கண்டக்டர் அடிக்க வருவாரு. முழு டிக்கெட்தான். ஆண்டு விழா நாடகத்துல ராஜா வேஷம் இவனுக்குத்தான், ஒட்டு மீசையே வாங்கல. எங்கப்பாவும் அப்படித்தாங்க. மூணாவது படிக்கறப்பவே ஆம்பளக் கொரல். எங்க வம்சமே அப்படி!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். நான் கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டுவிட்டேன். தன் வாயால் என்ன சொன்னோம் என்பது மாதம்மாளுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை. சில குடும்பங்களில் இப்படிச் சீக்கிரம் வருவது அப்பா வழியாகத்தான் இறங்கும், மகனுக்கும் வரும், மகளுக்கும் வரும் என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். சுகன்யா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இத்தனை மாதமும் குனிந்தே இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். எனக்குத்தான் கண் கலங்கியது.

மாதேஷ் முதல் தடவையாக அக்காவைப் பார்க்காமல் பேசினார். "ஊசியப் போடுங்க மேடம்." யாழினி அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அப்பா, அப்ப உன்ன யாரும் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போகலயா?" அவர் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இல்ல கண்ணு, கை தட்டுனாங்க."

இத்தனை வருடம் கேள்வி கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டது, ஒரே சங்கதி மகனுக்கு வந்தால் வம்சப் பெருமை, மகளுக்கு வந்தால் மட்டும் அது எந்த வூட்டிலிருந்து வந்தது என்று ஊரே விலாசம் தேடுகிறது.